ஒரே கல்லீரல், மூன்று எண்கள்

நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். அதில் 14.8 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். பக்கத்தில் யாரோ கையால் ‘சிரோசிஸ்?’ என்று, அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலையா என்று, எழுதியிருந்தார்கள். கேள்விக்குறி சின்னதாக இருந்தது. அவர் கண்ணில் அது படவே இல்லை. பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. இணையத்தில் தேடித் தேடிப் படித்து, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைவரை மனத்துக்குள் போய்த் திரும்பியிருந்தார்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம், அடுத்த ஒரு மாதத்துக்குள் இதே கல்லீரலுக்கு இன்னும் இரண்டு எண்கள் கிடைத்ததுதான். ஒன்று ‘எல்லாம் நலம்’ என்றது. இன்னொன்று நடுவில் போய் உட்கார்ந்தது. மூன்றில் இரண்டை நம்பியிருந்தால் அவருக்குக் கெடுதல்தான். எந்த இரண்டு என்பது வெறும் எண்ணைப் பார்த்தால் தெரியாது, அது எப்படி வந்தது என்று பார்த்தால்தான் தெரியும். கதிரியக்க மருத்துவராக எனக்கு இதில் சொல்ல இருப்பது அவ்வளவுதான். அடையாளம் தெரியாமலிருக்க, ஒரே மாதிரியான இரண்டு மூன்று பேரின் விவரங்களை ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறேன், எண்கள் உட்பட.

நோயாளியும் முதல் எண்ணும்

54 வயது ஆண். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உயரம் 170 செ.மீ., எடை 100 கிலோ, உடல் நிறைக் குறியீடு 34.6. மது அருந்தும் பழக்கம் இல்லை. இதை மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டோம். கூட வந்த மனைவியிடமும் கேட்டோம். மஞ்சள் காமாலை வந்ததில்லை. வயிற்றில் நீர் இல்லை, காலில் வீக்கம் இல்லை. வழக்கமான உடல் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் கொஞ்சம் கூடுதலாக வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த நொதிகளில் ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 62. பிளேட்லெட் 1,78,000. பிலிரூபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம் மூன்றும் சரியாக இருந்தன. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. தன்னெதிர்ப்பு நோய்களுக்கான சோதனைகளிலும் எதுவும் இல்லை. உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிடின் மட்டும் 720, அதாவது தெளிவாகவே கூடுதல். ஆனால் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 34 சதவீதம்தான். பரம்பரையாக இரும்பு சேரும் நோயென்றால் இந்தச் செறிவு வழக்கமாக 45-ஐத் தாண்டும். அதனால் ஃபெரிடினைக் கொழுப்புக் கல்லீரலோடு வரும் அழற்சியின் கணக்கில் எழுதி, அப்படியே விட்டிருந்தார்கள். அந்த ஃபெரிடின் பின்னால் எங்களைத் தேடி வரும்; வாசகர் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிப்-4 என்றொரு எளிய கணக்கு இருக்கிறது. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்துக்கொண்டால் இவருக்கு 1.85 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே என்றால் அதிகம். இவர் இரண்டுக்கும் நடுவில். இப்படி நடுவில் மாட்டுகிறவர்களைத்தான் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்புவார்கள். அவரை அனுப்பியது ஃபைப்ரோஸ்கேனுக்கு. சரியான முடிவுதான்.

அங்கே வந்ததுதான் 14.8 கிலோபாஸ்கல். கிலோபாஸ்கல் என்பது விறைப்பைச் சொல்லும் அலகு.

ஃபைப்ரோஸ்கேன் எளிமையான கருவி. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனையை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டு ஓர் அலையாகக் கல்லீரலுக்குள் போகும். போகிற வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கும். விறைப்பான கல்லீரலில் அலை வேகமாகப் போகும். பத்துத் தடவை அளந்து நடு மதிப்பை எடுப்பார்கள். பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருந்தன என்பதும் அதே தாளில் சதவீதமாக இருக்கும். 30-க்குள் இருந்தால் நம்பலாம்.

இவருடைய தாளில் அது 38. வட்டம் போட்ட பேனா அந்த வரிக்குப் போகவில்லை. எம் முனை என்றும் அச்சாகியிருந்தது. தோலிலிருந்து கல்லீரல் உறைவரை 25 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எக்ஸ்.எல். முனையைத்தான் எடுக்க வேண்டும். இவருக்கு அந்தத் தூரம் 29. சாதாரண முனையை வைத்தால் இப்படிப்பட்டவர்களில் அளவு மேலே போய்விடும். அப்புறம் நான் கேட்ட ஒரே கேள்வி: அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டா போனீர்கள்? ஆமாம், நல்ல காலை உணவு, மாத்திரை போட வேண்டுமே என்று. சாப்பிட்டதும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஓட்டம் கூடும். தழும்பு ஏற்கெனவே உள்ள கல்லீரலில் அந்தக் கூடுதல் ஓட்டமே விறைப்பை ஏற்றிக் காட்டும்.

விலகல் அவ்வளவு இருந்தால் எண்ணையே நம்ப முடியாது. முனையும் உணவும் எண்ணை ஒரே பக்கமாக, மேல்நோக்கி இழுப்பவை. அப்படியானால் இவருக்கு ஒன்றுமே இல்லையா? அதையும் சொல்ல முடியாது. 14.8 சரியில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

பயாப்சியா, எம்.ஆர். எலாஸ்டோகிராபியா

கல்லீரல் நிபுணரும் நானும் பேசினோம். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பதுதான் பல பத்தாண்டுகளாக அளவுகோல். தழும்பை எஃப் 0 முதல் எஃப் 4 வரை படி பிரிப்பதே அந்தத் திசுவை வைத்துத்தான். எஃப் 4 என்றால் சிரோசிஸ். ஆனால் ஊசியில் வருவது கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தழும்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழுவதில்லை. இரண்டு அங்குலம் தள்ளிக் குத்தினால் படி மாறலாம், அதே துண்டை வேறு நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்தாலும் மாறலாம். வலியும், எப்போதாவது ரத்தக் கசிவும் உண்டு. ஒருமுறைக்கு ஒத்துக்கொள்பவரும் ஓராண்டு கழித்து இரண்டாம் முறைக்கு ஒத்துக்கொள்வது அபூர்வம். இவருக்கோ பல ஆண்டுகளுக்குப் பின்தொடர்தல் தேவைப்படப் போகிறது.

அதனால் எம்.ஆர். எலாஸ்டோகிராபி, அதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் விறைப்பை அளப்பது. பெயர்தான் பெரிது, வேலை ஒரு பழைய வேலை. மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்திப் பார்ப்பாரே, கல்லீரல் மிருதுவா, கெட்டியா என்று, அதையே ஸ்கேனர் செய்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவான முறை இது. 1995-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த முதல் கட்டுரையில் முதல் ஆசிரியராக இருப்பவர் ராஜா முத்துப்பிள்ளை. கதிரியக்கம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை.

நோயாளியின் வலது விலாவின் மேல் ஒரு பிளாஸ்டிக் வட்டத்தைப் பட்டையால் கட்டுவோம். சின்னத் தட்டு அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் ஸ்கேன் அறைக்கு வெளியே உள்ள ஒலிப்பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி விநாடிக்கு 60 முறை காற்றைத் தள்ளி இழுக்கும், தட்டு அதிரும், அதிர்வு கல்லீரலுக்குள் அலையாக இறங்கும். திசு அசைவது மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்த அசைவின் தாளத்துக்கே காந்தப்புலச் சரிவுகளையும் ஏற்றி இறக்கினால், அசைந்த அளவு படத்தின் கட்டத்தில் (phase), அதாவது சமிக்ஞை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதில், பதிந்துவிடும். கடைசியில் திரையில் தெரிவது குளத்தில் கல் போட்ட மாதிரி சிவப்பும் நீலமுமாக விரியும் அலை.

இனி அளவு நாடாவை வைத்துக்கூடப் புரிந்துகொள்ளலாம். விநாடிக்கு 60 அதிர்வில், 2 கிலோபாஸ்கல் உள்ள மிருதுவான கல்லீரலில் ஒரு அலையின் நீளம் சுமார் 2.4 செ.மீ. 5 கிலோபாஸ்கல் உள்ள கல்லீரலில் அது 3.7 செ.மீ. அதாவது, அலைகள் நெருக்கமாக இருந்தால் கல்லீரல் மிருது, அகன்றிருந்தால் விறைப்பு. கணினி செய்வது இந்த அலைநீளத்தை ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கிட்டு, அதை வண்ண வரைபடமாக மாற்றுவது. நல்ல பழக்கம் உள்ளவர் அலைப் படத்தைப் பார்த்தே எண் ஏறத்தாழ எங்கே வரும் என்று சொல்லிவிடுவார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஃபைப்ரோஸ்கேனும் கிலோபாஸ்கல் என்கிறது, எம்.ஆரும் கிலோபாஸ்கல் என்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு இல்லை. முன்னது சொல்வது யங் குணகம் (இழுத்தாலோ அழுத்தினாலோ திசு காட்டும் எதிர்ப்பு), பின்னது சறுக்குக் குணகம் (பக்கவாட்டில் தள்ளினால் காட்டும் எதிர்ப்பு). கோட்பாட்டின்படி முன்னது பின்னதைப்போல மூன்று மடங்கு. எம்.ஆரில் 2.5-க்குக் கீழே இயல்பு, 3.5 முதல் 4 வரை இரண்டாம், மூன்றாம் படி. 5-க்கு மேலே சிரோசிஸ் என்று ஏறத்தாழ வைத்துக்கொள்ளலாம். 5 என்ற எண்ணை ஃபைப்ரோஸ்கேன் தாளில் பார்த்தால் ‘ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்போம். மூன்றால் வகுத்தால் சரியாகப் பொருந்திவிடும் என்று நினைப்பதும் தப்பு. அதிர்வெண் வேறு, அளக்கும் இடம் வேறு, திசுவைப் பற்றிய அனுமானங்கள் வேறு.

முதல் ஸ்கேன்

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. 3 டெஸ்லா கருவி; டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமை. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னோம். உள்ளே இழுத்து நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் கல்லீரல் வேறு வேறு இடத்தில் நிற்கும். வெளியே விட்டால் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத் திரும்பும். 15 விநாடி, நான்கு தடவை. அவர் நன்றாகவே ஒத்துழைத்தார். சமிக்ஞையைப் பதியும் முறைகளில் நாங்கள் எடுத்தது வழக்கமான கிரேடியன்ட் எக்கோ வகை.

நம்பகத்தன்மைப் படம் வந்தது. கணினி ஒவ்வொரு புள்ளியிலும் தன் கணக்கைத் தானே சோதித்து, நம்ப முடியாத இடங்களில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டும் படம் அது. கல்லீரல் முழுக்கக் கோடு. ஒரு ஓரத்தில் விரல் நக அளவு இடம் மட்டும் மிச்சம்.

பக்கத்திலிருந்த பயிற்சி மருத்துவர் கோடுகளை அணைத்துவிட்டு, கீழே இருந்த வண்ணப் படத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். 2.1 கிலோபாஸ்கல். “இயல்பு மேடம்!” என்றார், முகமெல்லாம் சந்தோஷம். நோயாளிக்காகச் சந்தோஷப்பட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த 2.1-தான் இரண்டாவது எண். முதலாவதைவிட ஆபத்தானது. சிரோசிஸ் என்று தப்பாகச் சொன்னால் நோயாளி இன்னொருவரிடம் போவார், யாராவது சந்தேகப்படுவார்கள். இயல்பு என்று தப்பாகச் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏன் 2.1 வந்தது? அலையே பதியாத இடத்தில் கணினியின் கையில் இருப்பது வெறும் இரைச்சல். இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி மாறும். அதைக் கணினி மிக நெருக்கமான அலைகள் என்று எடுத்துக்கொள்ளும். நெருக்கமான அலை என்றால் மிருதுவான திசு. இப்படித்தான் குப்பைக் கணக்கு பெரும்பாலும் எண்ணைக் கீழே தள்ளி, நல்ல செய்தி மாதிரி வேஷம் போடுகிறது.

சரி, அலை ஏன் பதியவில்லை? தொழில்நுட்பர் முதலில் சந்தேகப்பட்டது குழாயை. அது கழன்றுபோவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பதுதான். மடங்கிப்போகும், தட்டு நழுவும், சில நாள் ஒலிப்பெட்டியை இயக்கவே மறந்திருப்பார்கள். அவர் எழுந்து உள்ளே போகப் புறப்பட்டார். நான் உட்காரச் சொன்னேன். ஏனென்றால் மூலப் படத்தில் பதில் இருந்தது.

தட்டுக்கு நேர் கீழே, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் சமிக்ஞை மங்கியிருந்தது. அதிர்வு மிகப் பலமாக இருக்கும் இடத்தில், ஒரே புள்ளிக்குள்ளேயே கட்டங்கள் கலைந்து வெளிச்சம் போய்விடும். தட்டு அதிராமல் இருந்திருந்தால் அந்தக் கொழுப்பு பளிச்சென்று இருந்திருக்கும். ஆக, அலை உள்ளே போயிருக்கிறது. குழாயில் குறையில்லை. அப்புறம் கண் கல்லீரலுக்குப் போனது. கருப்பு. பக்கத்துத் தசையைவிடக் கருப்பு. அலை போயிருக்கிறது, ஆனால் அதைப் பதிய வேண்டிய ஏடு கருகிக் கிடக்கிறது.

அப்போதுதான் ஃபெரிடின் நினைவுக்கு வந்தது. 720.

இரும்பு ஒரு சின்னக் காந்தம் மாதிரி. கல்லீரல் செல்களில் அது சேர்ந்திருந்தால் அக்கம்பக்கத்துப் புலத்தைக் குலைத்து, சமிக்ஞையைச் சீக்கிரம் அழித்துவிடும். அழியும் வேகத்தைச் சொல்லும் அளவு டி2 ஸ்டார். எங்கள் நெறிமுறையில் கொழுப்பையும் இரும்பையும் சேர்த்து அளக்கும் ஒரு வரிசை முன்கூட்டியே எடுக்கப்படும். அதைத் திறந்தோம். அவருடைய டி2 ஸ்டார் 6 மில்லி விநாடி. கிரேடியன்ட் எக்கோ எலாஸ்டோகிராபியில் சமிக்ஞையைப் படிப்பது சுமார் 20 மில்லி விநாடியில். அதற்குள் இவர் கல்லீரலில் மிஞ்சுவது 4 சதவீதத்துக்கும் குறைவு. இயல்பான கல்லீரலில் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சும்.

இரும்பின் அளவு உண்மையில் பெரிதாக இல்லை. லேசான வகைதான், ரத்தம் எடுத்துக் குறைக்க வேண்டிய நிலை கிடையாது. ஆனால் 3 டெஸ்லாவில் லேசான இரும்பே போதும். 1.5 டெஸ்லாவில் இதே கல்லீரல் தப்பித்திருக்கக்கூடும். கூடுதல் டெஸ்லா எப்போதும் கூடுதல் நன்மை என்று விளம்பரம் படித்து நம்புகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. இரும்புப் படம் எலாஸ்டோகிராபிக்கு முன்பே எடுக்கப்பட்டு, திரையில் தயாராக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும்தான். முதலில் பார்த்திருந்தால் நான்கு மூச்சுப்பிடிப்புகள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது முயற்சி

அவரைக் கீழே இறக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி இன்னும் பத்து நிமிடம் கேட்டோம். ஸ்பின் எக்கோ வகைக்கு மாறினோம். அதில் நடுவில் ஒரு திருப்புத் துடிப்பு வருகிறது. இரும்பின் குலைப்பால் சிதறிய சமிக்ஞைகளை அது திரும்ப ஒன்றுசேர்க்கிறது. ஓடத் தொடங்கிய இடத்துக்கே எல்லோரையும் ஒரே நேரத்தில் திரும்பிவரச் சொல்வதுபோல. கடும் இரும்புச் சேர்க்கையில் இதுவும் தோற்கும். இவருக்குத் தோற்கவில்லை.

இந்தத் தடவை அலை தெரிந்தது. விலாவிலிருந்து உள்நோக்கிச் சீராக, ஒன்றன்பின் ஒன்றாக. வண்ணப் படத்தை இன்னும் திறக்கவில்லை. பயிற்சி மருத்துவரிடம் அளந்து பார்க்கச் சொன்னேன். சிவப்பிலிருந்து அடுத்த சிவப்புவரை 3.2 செ.மீ. மனக்கணக்கில் 3.7 கிலோபாஸ்கல் சுமார்.

பிறகுதான் கணினியின் எண்ணைப் பார்த்தோம். நான்கு வெட்டுகளில் 3.6, 3.8, 3.7, 3.7. பரப்பளவுக்கேற்பச் சராசரி எடுத்தால் 3.7. மூன்றாவது எண் இதுதான்.

அளக்கும் வட்டத்தை எங்கே போடுவது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். கல்லீரலின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பெரிய ரத்தக் குழாய்களை விட்டு, பித்தப்பையை விட்டு. இடது மடலைத் தவிர்ப்பது நல்லது, இதயத் துடிப்பு அங்கே குட்டையைக் குழப்பும். தட்டுக்கு நேர் கீழே சிவப்பாக ஒரு திட்டு பல சமயம் தெரியும். அது தழும்பு கிடையாது, அலை நுழையும் வாசல் நெரிசல். அதையும் விட்டுவிட வேண்டும். அலைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தையும் விட வேண்டும். இத்தனையும் விட்ட பிறகும் அளக்கக் கிடைக்கும் பரப்பு ஊசியில் வரும் திசுவைவிடப் பல ஆயிரம் மடங்கு.

கொழுப்பின் பங்கு 19 சதவீதம். 5-ஐத் தாண்டினாலே கொழுப்புக் கல்லீரல். மண்ணீரல் 11.8 செ.மீ., இயல்பு. கல்லீரல் மேற்பரப்பு வழவழப்பு. வயிற்றில் நீர் இல்லை, சுற்றுவழிச் சிரைகள் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஃபைப்ரோஸ்கேனையும் திரும்ப எடுக்கச் சொன்னோம், எக்ஸ்.எல். முனையில், வெறும் வயிற்றில். 9.1, விலகல் 14 சதவீதம். இப்போது இரண்டு கருவிகளும் ஒரே திசையில் பேசின.

3.7 எதைச் சொல்கிறது

“அப்போ சிரோசிஸ் இல்லையா டாக்டர்?” என்றார்.

இல்லை என்றேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 3.7 ஒன்றும் நல்ல எண் கிடையாது. இரண்டாம் அல்லது மூன்றாம் படித் தழும்பு என்று பொருள். ஃபிப்-4 1.6-க்கு மேலும் எம்.ஆர். விறைப்பு 3.3-க்கு மேலும் ஒன்றாக வந்தால், இரண்டாம் படியோ அதற்கு மேலோ இருப்பது ஏறத்தாழ உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெஃபிப் என்று இந்தச் சேர்க்கைக்குப் பெயர். இவருக்கு இரண்டும் தாண்டியிருந்தன.

விறைப்பு வேறு, தழும்பு வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருவி அளப்பது விறைப்பை. தழும்பு விறைப்பைக் கூட்டும், உண்மைதான். கடும் அழற்சியும் கூட்டும், பித்த அடைப்பும் கூட்டும், வலப்பக்க இதயம் திணறி ரத்தம் கல்லீரலில் தேங்கினாலும் கூட்டும். இதய நோயாளி ஒருவரின் 6 கிலோபாஸ்கலைப் பார்த்து சிரோசிஸ் என்று எழுதுவது மிக எளிது. இவருக்கு நொதிகள் லேசாகத்தான் கூடியிருந்தன, பித்த நாளம் விரியவில்லை, இதய அல்ட்ராசவுண்டில் இதயம் சரி. எனவே 3.7-இன் பெரும்பகுதி தழும்பு என்று கொள்ளலாம். சிறு பகுதி அழற்சியாக இருக்கலாம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தப் படத்தால் முடியாது.

பயாப்சி செய்யவில்லையே, அப்புறம் எப்படி இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் படியா மூன்றாம் படியா என்று எனக்கு நிச்சயமில்லை, அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவு அந்த வித்தியாசத்தில் தொங்கவில்லை. சிரோசிஸ் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான கண்காணிப்பு ஆயுள் முழுக்க. இரண்டாம், மூன்றாம் படி என்றால் தீவிரமான எடைக் குறைப்பும் சர்க்கரைக் கட்டுப்பாடும். இந்த இரண்டு பாதைகளுக்கு நடுவேதான் பிரிக்க வேண்டியிருந்தது. வேறு நோய் ஒன்று ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் வந்திருந்தால், அல்லது இரண்டு சோதனைகளும் முரண்பட்டுக்கொண்டே இருந்திருந்தால், ஊசியைக் கேட்கும் முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

மருந்துகளும் இப்போது இந்தப் படிக்கணக்கைக் கேட்கின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த ரெஸ்மெடிரோம், அழற்சியோடு கூடிய கொழுப்புக் கல்லீரலில் இரண்டாம், மூன்றாம் படித் தழும்பு உள்ளவர்களுக்குத்தான். சிரோசிஸ் வந்தவர்களுக்கு இல்லை. பயாப்சி கட்டாயம் என்று அதன் குறிப்பில் இல்லை. ஆக, படம் எடுப்பவர் எழுதும் எண் இனி மருந்துச்சீட்டுவரை போகிறது. இவருக்கு அந்த மருந்து கொடுக்கப்படவில்லை. உணவு, நடை, சர்க்கரை மாத்திரைகளில் ஒரு மாற்றம், இவ்வளவுதான்.

பதினான்கு மாதம் கழித்து

எடை 91 கிலோ. ஏ.எஸ்.டி. 29, ஏ.எல்.டி. 31, பிளேட்லெட் 1,84,000, ஃபிப்-4 1.56. ஆளே மாறியிருந்தார். முதல் நாள் கொண்டுவந்த தாளை இன்னும் வைத்திருந்தார். அதே கருவி, அதே ஸ்பின் எக்கோ, அதே வெறும் வயிறு. இரும்புப் படத்தை இந்தத் தடவை முதலிலேயே பார்த்தோம்.

கொழுப்பு 19-இலிருந்து 8 சதவீதம். இது பெரிய இறக்கம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. விறைப்பு 3.7-இலிருந்து 3.1.

கல்லீரல் நிபுணர் தொலைபேசியில் “தழும்பு குறைந்திருக்கிறது என்று எழுதலாமா?” என்று கேட்டார். எழுதவில்லை. 3.7-இலிருந்து 3.1 என்றால் 16 சதவீதம் இறக்கம். ஒரே ஆளை, ஒரே கருவியில், திரும்பத் திரும்ப அளந்தாலே கொஞ்சம் ஏறி இறங்கும். மாற்றம் 19 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது உண்மையான மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்பது இத்துறையின் அளவைக் குழு வகுத்த வரம்பு. மூன்று சதவீதம் குறைகிறது. அதோடு, நொதிகள் இறங்கியிருப்பதால் அழற்சி தணிந்திருக்கும், அதுவே விறைப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கும். தழும்பு கரைந்ததா, அழற்சி அடங்கியதா, அளவையின் தள்ளாட்டமா? மூன்றும் கலந்திருக்கலாம் என்பதே என் ஊகம். ஊகத்தை அறிக்கையில் எழுதக் கூடாது.

அவரிடம் அதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடியது. “அப்போ குறைஞ்சிருக்கா, குறையலையா டாக்டர்? ஒண்ணைச் சொல்லுங்க.”

கூடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன், குறைந்திருக்கிறது என்று நம்புகிறேன் என்றேன். கொழுப்பு பாதிக்குமேல் போய்விட்டது என்ற படத்தைத் திரையில் காட்டினேன், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அதைத் தன் அலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். 14.8 தாளை என்ன செய்வது என்று கேட்டார். கிழித்துப் போடாதீர்கள், கோப்பிலேயே இருக்கட்டும் என்றேன். ஆனால் அதன் கீழே ‘விலகல் 38 சதவீதம், எம் முனை, உணவுக்குப் பின்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கையின் கடைசி வரி இப்படிப் போனது: ‘கல்லீரல் விறைப்பு 3.1 கிலோபாஸ்கல், முந்தைய 3.7-ஐவிடக் குறைவு, எனினும் மாற்றம் அளவை வரம்புக்குள் உள்ளது. அடுத்த பரிசோதனை ஓராண்டில், இதே கருவியில், ஸ்பின் எக்கோ முறையில், ஆறு மணி நேரம் உணவின்றி. கிரேடியன்ட் எக்கோ எடுக்க வேண்டாம்: கல்லீரலில் இரும்பு.’